அடுப்பங்கரைப் பேச்சு: சீஸ் இல்லாமல் சீஸ் ருசி!

"நியூட்ரிஷனல் ஈஸ்ட் என்று ஒரு பொடி விற்கிறதே, அது என்ன? கேக்குக்கும் ரொட்டிக்கும் போடுகிற ஈஸ்ட்தானா? சீஸ் மாதிரி ருசிக்கும் என்கிறாள் என் பெண். குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?" இந்தக் கேள்வி சில மாதங்களாகவே கடிதத்துக்குக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. ஒரு சகோதரி மட்டும் கொஞ்சம் கோபமாக, "ஈஸ்ட் என்றால் சாராயச் சரக்கு அல்லவா, அதைப் போய் வீட்டில் சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். இந்த இதழில் அதைப் பற்றியே பேசிவிடுவோம். சமையலும் உண்டு, கொஞ்சம் கண்டிப்பும் உண்டு. இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சாராயப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர். காளான் குடும்பம். கள் ஊற்றி மாவு புளிக்க வைத்து ஆப்பம் சுட்டார்களே நம் பாட்டிமார், அந்த மாவைப் பொங்க வைத்தது கள்ளில் இருந்த ஈஸ்ட்தான். காற்று இல்லாத இடத்தில் அதற்குச் சர்க்கரை கிடைத்தால் சாராயம் உண்டாக்கும். நிறையக் காற்றோடு சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் சாராயத்தின் பக்கம் போகாமல், தானே பல்கிப் பெருகும். நியூட்ரிஷனல் ஈஸ்டை இந்த இரண்டாவது வழியில்தான் வளர்க்கிறார்கள். சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கருப்புப் பாகை (மொலாசஸ் என்பார்கள்) பெரிய பெரிய தொட்டிகளில் கரைத்து, காற்றைச் செலுத்தி, அதில் ஈஸ்டை வளர்க்கிறார்கள். வளர்ந்ததும் பிரித்தெடுத்துக் கழுவி, சூடுபடுத்தி அதன் உயிரைப் போக்கிவிட்டு, அப்பளம் போல மெல்லிய தகடாக உலர்த்தி நொறுக்குகிறார்கள். அதுதான் டப்பாவில் வரும் மஞ்சள் செதில்.

உயிரைப் போக்கிவிடுகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் உயிருள்ளது. வெந்நீரும் சர்க்கரையும் பட்டால் நுரைத்துக் கிளம்பும். அதை அப்படியே வாயில் போட்டால் வயிற்றிலும் அதே வேலையைக் காட்டும். பொருமலும் உப்புசமும்தான் மிச்சம். 'ரெண்டும் ஈஸ்ட்தானே' என்று ரொட்டி ஈஸ்டை எடுத்துக் குழந்தையின் சோளப்பொரி மேல் தூவிவிடாதீர்கள். அதே போல, செதிலை மாவில் போட்டுவிட்டு 'ரொட்டி உப்பவே இல்லையே' என்று அடுப்பைத் திட்டியும் பயனில்லை. 'ப்ரூவர்ஸ் ஈஸ்ட்' என்று மூன்றாவது ஒன்று உண்டு. அது பீர் காய்ச்சும் இடத்தில் மிஞ்சுவது. பீரில் சேரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு அதில் ஏறியிருக்கும். சமையலுக்குச் சரிப்படாது.

சரி, ருசி எப்படி? டப்பாவைத் திறந்தால் வறுத்த வேர்க்கடலையும் பழைய சீஸும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நாக்கில் வைத்தால் உப்பு இல்லை, ஆனால் உப்புக்கு அண்ணன் மாதிரி ஒரு ருசி ஊறும். இதற்குக் காரணம் குளூட்டமேட். நன்றாகப் பழுத்த தக்காளி, காளான், நாள்பட்ட சீஸ் எல்லாவற்றிலும் இயற்கையாகவே இருப்பது அது. 1908-ல் ஜப்பானில் இக்கேடா என்ற பேராசிரியர், கடற்பாசி போட்டுக் கொதிக்க வைத்த சூப்பின் ருசிக்குக் காரணம் இதுதான் என்று கண்டுபிடித்து அந்த ருசிக்கு 'உமாமி' என்று பேர் வைத்தார். "அய்யய்யோ, அப்படின்னா அஜினோமோட்டோவா?" என்று உடனே கேட்பீர்கள். அந்த உப்பு தனியாகத் தயாரித்துச் சேர்ப்பது. இதில் ஈஸ்டின் புரதத்திலிருந்தே வருகிறது, தக்காளியில் இருப்பதைப் போல. புரதம் என்றதும் நினைவு வருகிறது: இந்தச் செதிலின் எடையில் ஏறக்குறைய பாதி புரதம். 15 கிராம் எடுத்தால் 7, 8 கிராம் புரதம் கிடைக்கும். ஆனால் 15 கிராம் என்பது கால் கப். தூவிக்கொள்கிற பொருளை யாரும் தினம் கால் கப் தின்னமாட்டார்கள், ஆகவே புரதத்துக்குப் பருப்பையே நம்புங்கள்.

இது பிரபலமானது அமெரிக்காவில். 1971-ல் சான்ஃபிரான்ஸிஸ்கோவிலிருந்து சில நூறு பேர் பழைய பள்ளிக்கூட பஸ்களில் கிளம்பிப் போய், டென்னஸி மாகாணத்தில் சம்மர்டவுன் என்ற ஊர்ப் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். 'தி ஃபார்ம்' என்று பேர். மாமிசம் மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. சோயா பயிரிட்டு அதிலேயே பால், தயிர் எல்லாம் செய்துகொண்டார்கள். அத்தனை பிள்ளைகுட்டிகளையும் வைத்துக்கொண்டு சீஸ் இல்லாமல் அமெரிக்கச் சமையல் செய்வதென்றால் சும்மாவா? நம் ஊரில் தயிர் இல்லாமல் கல்யாணப் பந்தி போடச் சொன்ன மாதிரி! அப்போது அவர்களுக்குக் கை கொடுத்தது இந்த மஞ்சள் செதில். 1975-ல் அவர்கள் ஒரு சமையல் புத்தகமும் போட்டார்கள். இன்று பால் சேர்க்காத 'வீகன்' வீடுகளில் இது நம் பெருங்காய டப்பா மாதிரி. 'நூச்' என்று செல்லப் பேர்கூட வைத்திருக்கிறார்கள்.

அங்கே செய்வதில் நம் அடுப்புக்கும் ஒத்துவருகிற சிலதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் சுலபம் சோளப்பொரி. பொரித்ததும் சூட்டோடு சூடாக ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெயைப் பரவலாகத் தெளித்துக் குலுக்கி, பிறகு இரண்டு டேபிள் ஸ்பூன் செதிலும் பொடி உப்பும் போட்டு மூடிக் குலுக்குங்கள். எண்ணெய் தெளிக்காவிட்டால் அத்தனையும் பாத்திரத்தின் அடியில்தான் இருக்கும். உப்பையும் செதிலையும் மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் இன்னும் நன்றாக ஒட்டும். இந்தப் பொரியைச் சாப்பிட்ட என் பேரன், "பாட்டி, இது சிப்ஸ் பாக்கெட்டோட அடியில இருக்கிற தூள் மாதிரி இருக்கு" என்றான். அவனிடமிருந்து அதைவிட உயர்ந்த சர்டிபிகேட் வராது.

அடுத்தது மக்ரோனிக்கு முந்திரி சாஸ். அமெரிக்கக் குழந்தைகளின் 'மக்ரோனி அண்ட் சீஸ்' நம் வீட்டுத் தயிர்சாதம் மாதிரி. அதைச் சீஸ் இல்லாமல் செய்வதற்கு அரை கப் முந்திரிப்பருப்பை வெந்நீரில் அரை மணி ஊறப் போடுங்கள். முழு முந்திரி வேண்டாம், உடைத்த முந்திரியே போதும், காசு மிச்சம். ஊறியதும் நீரை வடித்து, மூன்று டேபிள் ஸ்பூன் செதில், ஒரு பல் பூண்டு, சிட்டிகை மஞ்சள் தூள், தேவையான உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து வெண்ணெய் போல அரையுங்கள். திப்பி இருந்தால் சீஸ் என்று யாரையும் ஏமாற்ற முடியாது! அரைத்ததை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, தணலைக் குறைத்துக் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் முந்திரி தானாகவே கெட்டிப்படும், மைதா ஒன்றும் வேண்டாம். இறக்கி வைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். வேகவைத்து வடித்த இரண்டு கப் மக்ரோனியில் இதைக் கலந்து, மேலே மிளகுத்தூள். ஆறினால் இறுகிப்போகும், அதனால் மக்ரோனி வெந்த நீரில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பரிமாறும்போது இளக்கிக்கொள்ளலாம்.

மசித்த உருளைக்கிழங்கில் ஒரு ஸ்பூன், தக்காளி சூப்பில் இறக்கும் சமயம் ஒரு ஸ்பூன், வதக்கிய காளான் மேல் ஒரு ஸ்பூன் - இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பொதுவாக ஒரு விதி: அடுப்பை அணைக்கிற நேரத்தில் சேர்ப்பது நல்லது. காய்ந்த எண்ணெயில் விழுந்தால் நொடியில் கருகிக் கசக்கும். பி-1 என்ற தயமின் சத்துக்கும் அதிகச் சூடு ஆகாது.

நம் சமையலில்? நான் செய்து பார்த்தவரையில், சாம்பாரிலும் ரசத்திலும் போடுவது வீண். புளிக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில் இது இருக்கிற இடமே தெரியாது. இட்லி மிளகாய்ப்பொடியில் கால் பங்கு கலந்தால் சுமாராக இருக்கிறது, ஆனால் எள்ளின் வாசனையை இது அமுக்கிவிடுகிறது. எனக்கு எள்தான் வேண்டும். மாலை வேளைக்கு வேகவைத்த மக்காச்சோள முத்துகளில் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயும் இதுவும் புரட்டிக் கொடுங்கள், அது பிரமாதம்.

இனிமேல்தான் கண்டிப்பு.

என் நாத்தனார் மகள் சென்னையில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு மேலாகவே பால், தயிர், நெய் எல்லாம் விட்டாயிற்று. மாட்டைப் பார்த்து இரக்கப்பட்டு விட்டது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது நாலு மாசம். வீட்டுக்கு வந்தவள் முகம் வெளுத்து, கைவிரல் எல்லாம் அடிக்கடி மரத்துப்போகிறது என்றாள். "சாப்பாட்டில் என்னம்மா சேர்க்கிறே?" என்றால், கைப்பையிலிருந்து இந்த மஞ்சள் டப்பாவை எடுத்து வைக்கிறாள். "இதுல எல்லா பி வைட்டமினும் இருக்கு அத்தை. பி-12-ம் இருக்கு. அந்தக் காலத்துலயே கர்ப்பிணிப் பெண்களோட ரத்தசோகையை ஈஸ்ட் கொடுத்துத்தான் குணப்படுத்தினாங்களாம், படிச்சிருக்கேன்" என்றாள்.

அவள் படித்தது பொய்யில்லை. லூஸி வில்ஸ் என்று ஒரு லேடி டாக்டர். இங்கிலாந்துக்காரர். 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். கிருமியா என்று தேடினார், கிருமி இல்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார். அவர்கள் சாப்பிட்டது போன்ற சத்தில்லாத உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் அதே ரத்தசோகை வந்தது. நோய் முற்றிய ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். அது பீர் ஈஸ்டிலிருந்து எடுக்கிற கறுப்புப் பசை, இங்கிலாந்தில் ரொட்டிக்குத் தடவுவார்கள். குரங்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது! பிறகு அதையே கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார், தேறினார்கள். 1931-ல் அதை எழுதி வெளியிட்டார். இந்த ஆராய்ச்சியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் அவர் வேலை செய்திருக்கிறார். 1931-ல் சென்னையில், இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று வழங்கும் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். அங்கே பிறந்த வாசகிகள் எத்தனையோ பேர் இருப்பீர்களே!

ஈஸ்டில் இருந்து அந்தப் பெண்களைக் காப்பாற்றிய பொருள் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் ஃபாக்டர்' என்றே சொல்லிவந்தார்கள். 1941-ல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது அதற்கு ஃபோலிக் ஆசிட் என்று பேர் வந்தது. லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்களே, அதில் இரும்பு 60 மில்லிகிராம், கூடவே ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம். அந்த அம்மா கண்டுபிடித்ததுதான் அது.

ஆனால் சகோதரிகளே, ஃபோலிக் ஆசிட் வேறு, பி-12 வேறு. ஃபோலிக் ஆசிட் ஈஸ்டில் இயற்கையாகவே உண்டு, கீரையிலும் பயறிலும் உண்டு. பி-12 ஈஸ்டில் இல்லை. எந்தச் செடியிலும் இல்லை. அதைச் செய்யத் தெரிந்தவை சில வகை பாக்டீரியாக்கள் மட்டுமே. மாட்டின் வயிற்றில் அவை செய்வது பாலுக்கு வருகிறது. அதனால்தான் மாமிசம் தொடாத நம் வீடுகளில் பாலும் தயிரும் மோரும் அந்த வேலையைப் பார்த்துவந்தன. அவற்றை விட்டுவிட்டால் வேறு வழி பார்க்கத்தான் வேண்டும். நியூட்ரிஷனல் ஈஸ்டில் பி-12 இருக்கிறதென்றால் அது கம்பெனிக்காரர்கள் தனியாகச் சேர்த்தது. சிலர் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. ஒரு டப்பாவில் ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு இருக்கும், பக்கத்து டப்பாவில் துளிகூட இருக்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் டப்பாவின் லேபிளைப் படித்தேன். பொருள்கள் என்ற இடத்தில் ஒரே வார்த்தை - உலர்ந்த ஈஸ்ட். அவ்வளவுதான். பி-12 சேர்த்திருந்தால் 'சயனோகோபாலமின்' என்ற நீளப் பேர் அங்கே இருக்க வேண்டும், கீழே அட்டவணையில் ஒரு வேளைக்கு எத்தனை மைக்ரோகிராம் என்றும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போய் ரத்தம் பார்த்ததில் பி-12 மிகக் குறைவாக இருந்தது. இப்போது டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறாள். பாலைத் தொடவில்லை. தொடச் சொல்லி டாக்டரும் வற்புறுத்தவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பி-12 குறைவு சத்தம் போடாமல் வரும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பாலை விட்ட உடனே தெரியாது, வருஷக்கணக்கில் தள்ளிப்போகும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஃபோலிக் ஆசிட் நிறையச் சேர்ந்தால் ரத்தம் மட்டும் தேறிவிட்ட மாதிரி இருக்கும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கை கால் மரத்துப்போவது, குறுகுறுப்பு, நாக்கு வழவழவென்று சிவந்து எரிவது, காரணமில்லாத அசதி, மறதி - இவை இருந்தால் 'கர்ப்பிணிக்கு இதெல்லாம் சகஜம்' என்று மாமியார் சொன்னாலும் அம்மா சொன்னாலும் டாக்டரைக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம் குழந்தை. தாய்க்கே சேமிப்பு இல்லையென்றால் வயிற்றுப் பிள்ளைக்கும் கிடைக்காது, தாய்ப்பாலிலும் குறைந்துபோகும். பார்க்கக் கொழுகொழு என்றே இருக்கும் குழந்தை, ஆறு மாசத்துக்கு மேல் சிரிப்பதைக் குறைத்துவிடும். நின்ற தலை நிற்காது, உட்கார்ந்தது உட்காராது. விரல் கணுக்களில் தோல் கறுக்கும், முடி செம்பட்டையாகி மெலியும், சில குழந்தைகளுக்குக் கை கால் நடுங்கும். குழந்தை டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய் இது. பி-12 கொடுத்தால் தேறும், ஆனால் தாமதிக்கக் கூடாது. "தாய்ப்பால்தானே கொடுக்கிறேன், அதைவிட வேறென்ன வேண்டும்" என்று இருந்துவிடாதீர்கள். தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை. அதில் பி-12 வர, முதலில் தாயின் உடம்பில் இருக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? அமெரிக்கக் கணக்கில் பெரியவர்களுக்கு 2.4 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 2.6, பால் கொடுப்பவருக்கு 2.8. ஒரு பெரிய டம்ளர் பாலில் சுமாராக ஒரு மைக்ரோகிராம் இருக்கும். தினமும் பால், தயிர், மோர் சேர்ப்பவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் காபிக்கு மட்டும் பால் சேர்க்கிற வீட்டுக்காரிகள் யோசியுங்கள். பாலையே விட்டவர்கள் செதிலை நம்பிக் கர்ப்பம் தாங்க வேண்டாம். சத்து சேர்த்த டப்பாவாகவே இருந்தாலும் ஒரு நாள் தூவுவோம், மூன்று நாள் மறப்போம். மாத்திரையா ஊசியா, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மற்றபடி சில எச்சரிக்கைகள். யூரிக் ஆசிட் உபாதை உள்ளவர்கள் ஈஸ்டைத் தவிர்ப்பது நல்லது. மனச்சோர்வுக்குச் சில பழைய வகை மருந்துகள் சாப்பிடுபவர்களுக்கு ஈஸ்ட் பண்டங்கள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும், டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சத்து அதிகம் சேர்த்த செதிலை ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து குறுகுறுக்கும். அது நயாஸின் வேலை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒரு டீஸ்பூனில் ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும். ஒரு வயசு நிறையாத குழந்தைக்கு இது வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று வயசுப் பிள்ளைக்கு உருளைக்கிழங்கில் ஒரு சிட்டிகை தூவினால் தப்பில்லை. சோளப்பொரி மட்டும் அந்த வயசுக்குக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வாங்கும்போது சின்ன டப்பாவாக வாங்குங்கள், முதல் தடவையே எல்லோருக்கும் பிடித்துவிடாது. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் மஞ்சளாகப் போகுமே, அந்த மஞ்சளும் செதிலின் மஞ்சளும் ஒன்றே, பி-2 என்ற ரைபோஃப்ளேவின். வெளிச்சம் பட்டால் அது வீணாகிவிடும். அழகாக இருக்கிறதே என்று கண்ணாடி ஜாடியில் கொட்டி ஜன்னலோரம் வைக்காதீர்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் வைப்பேன் என்றால் அதை அலமாரிக்குள் வையுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது. ஒரு தடவை ஈரம் பட்டால் கட்டி கட்டியாகிவிடும், நம் மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம்.